சவ்வுக்கும் உண்டு ஸ்ட்ரெஸ்!



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "ஏதாவது எழுதிக் கொடு, கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கனவே மேசை நிறைய வந்து கிடக்கு" என்றார்கள். எனக்குக் கவிதை வராது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் இறுதியாண்டு புராஜெக்ட்டில் எங்கள் மூன்று பேரையும் தூங்கவிடாமல் செய்த ஒரு விஷயத்தையே எழுதுகிறேன். இது கெமிக்கல் பிரிவுக்காரர்களுக்கு மட்டுமான கட்டுரை என்று மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சொல்லப்போனால் நாங்கள் மாட்டிக்கொண்ட இடமே உங்கள் பாடத்தில்தான்.

எங்கள் புராஜெக்ட், செல்லுலோஸ் அசிடேட்டில் உப்பு நீக்கும் சவ்வு தயாரிப்பது. செய்முறை பழையது. செல்லுலோஸ் அசிடேட் பவுடரை அசிட்டோனும் ஃபார்மமைடும் கலந்த கரைப்பானில் கரைத்து, தேன் பதத்துக்கு வந்ததும் கண்ணாடித் தட்டில் ஊற்றி, கத்தி போன்ற ஒரு பட்டையால் ஒரே கனத்தில் இழுக்க வேண்டும். சில விநாடி காற்றில் விட்டு, தட்டோடு ஐஸ் தண்ணீரில் இறக்கினால் வெள்ளையாகச் சவ்வு உருவாகித் தானாகவே கண்ணாடியை விட்டு எழும்பி வரும். அந்தச் சவ்வு அப்படியே உதவாது. உப்பை ஓரளவுக்குத்தான் தடுக்கும். அதை 80 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். வெந்நீரில் அது சுருங்கி இறுகும். அதன்பிறகுதான் உப்பை நன்றாகத் தடுக்கும். தண்ணீர் வரத்து குறையும், ஆனால் வருகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கும்.

முதல் தடவை செய்த சவ்வு சும்மா சொல்லக்கூடாது, பிரமாதம். 20 பார் அழுத்தத்தில் உப்புத் தண்ணீரை ஏற்றியதில், பத்தில் ஒன்பது பங்கு உப்பு நின்றுவிட்டது. ஒரே குறை, வெந்நீரில் சுருங்கியதால் ஓரமெல்லாம் நெளிநெளியாக இருந்தது. பெட்டியில் மாட்டும்போது கசிந்தது. உடனே எங்கள் குழுவில் ஒருவனுக்கு யோசனை வந்தது. "டேய், நாலு ஓரத்தையும் டேப் போட்டுக் கண்ணாடியிலேயே ஒட்டிடுவோம். அப்படியே வெந்நீரில் விடுவோம். எப்படிச் சுருங்குதுன்னு பார்ப்போம்!"

சுருங்கவே இல்லை. இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். பெட்டியில் மாட்டி அழுத்தம் ஏற்றி, மறுபக்கம் வந்த தண்ணீரில் கடத்துதிறன் மீட்டரை வைத்தோம். முகம் செத்துவிட்டது. உப்பில் பாதிகூட நிற்கவில்லை. அதே கரைசல், அதே கனம், அதே ஐஸ் தண்ணீர், அதே வெந்நீர்.

அறிக்கை கொடுக்க ஒன்பது நாள்தான் இருந்தது. டப்பாவில் மீதி இருந்த பவுடர் ஒரு தடவைக்குத்தான் வரும். இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "இரண்டாவது ரீடிங்கை எழுதவே வேண்டாம், முதல் ரீடிங்கையே இரண்டு தடவை கொஞ்சம் மாற்றிப் போட்டுவிடுவோம்" என்று சொன்னவன் வேறு யாருமில்லை, நான்தான். நோட்டில் பென்சிலால் போட்டும் விட்டேன். எங்கள் கைடு சார் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அழிரப்பரை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, "டேப் போட்டு ஒட்டினீங்களாமே, எதுக்கு?" என்றார். சொன்னோம். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை.

"பறை அடிக்கிறவங்க அடிக்கறதுக்கு முன்னாடி ஏம்ப்பா தீ காட்டுறாங்க?"

தோல் விறைப்பாக வேண்டும், அப்போதுதான் சத்தம் கணீர் என்று வரும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏன் விறைக்கிறது? தோலில் உள்ள ஈரம் போகிறது. ஈரம் போனால் தோல் சுருங்கப் பார்க்கும். ஆனால் விளிம்பில் சட்டத்தோடு இழுத்து ஒட்டியிருக்கிறதே, எங்கே சுருங்குவது? சுருங்க முடியாத சுருக்கம் முழுவதும் இழுவிசையாகத் தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து யாரும் இழுக்கவில்லை. தனக்குத்தானே இழுபட்டு நிற்கிறது. இதற்குத்தான் உள் தகைவு என்று பெயர். ஸ்ட்ரெங்க்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் தகைவு என்றால் பளுவைப் பரப்பால் வகுப்பது என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறோம். பளுவே இல்லாமல் தகைவு இருக்கும் என்று அங்கே எனக்கு உறைக்கவில்லை.

டேப் போட்ட எங்கள் சவ்வும் பறைதான். கண்ணாடிதான் சட்டம். சரி, விறைத்தால் விறைத்துவிட்டுப் போகட்டும், உப்பு ஏன் உள்ளே போகிறது? அதற்குச் சவ்வு எப்படிப் பிரிக்கிறது என்று தெரிய வேண்டும்.

நம்மில் பலர் சவ்வை மாவுச் சல்லடை மாதிரி நினைத்துக்கொள்கிறோம். பெரிய ஓட்டை உள்ள சவ்வுகளுக்கு அது சரி. ஆனால் உப்பையும் தண்ணீரையும், அல்லது ஒரு வாயுவையும் இன்னொரு வாயுவையும் பிரிக்கும் சவ்வின் மேல் தோலில் நிலையான ஓட்டை என்று ஒன்று கிடையாது. மூலக்கூறு முதலில் பாலிமருக்குள் கரைய வேண்டும். பிறகு சங்கிலிகளுக்கு நடுவே அவ்வப்போது திறக்கும் சந்துகள் வழியாகத் தாவித்தாவி அடுத்த பக்கம் போக வேண்டும். அதனால் ஊடுருவு திறன் என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: எவ்வளவு கரைகிறது என்பதும், எவ்வளவு வேகமாக விரவுகிறது என்பதும். இரண்டு பொருள்களின் ஊடுருவு திறன்களுக்கு உள்ள விகிதம்தான் தேர்வுத்திறன், நாம் செலக்டிவிட்டி என்பது.

இந்தத் தேர்வு எவ்வளவு நுணுக்கம் என்று பாருங்கள். ஆக்சிஜன் மூலக்கூறின் விட்டம் 3.46 ஆங்ஸ்ட்ராம், நைட்ரஜன் 3.64. வித்தியாசம் 0.18 ஆங்ஸ்ட்ராம், ஒரு அணுவின் அளவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இதை வைத்துக்கொண்டு பாலிசல்ஃபோன் போன்ற ஒரு விறைப்பான பாலிமர், நைட்ரஜனை விட ஆக்சிஜனை ஐந்தாறு மடங்கு வேகமாக விடுகிறது. சிலிகோன் ரப்பரில் அந்த விகிதம் வெறும் இரண்டுதான். ரப்பரில் சங்கிலிகள் தாராளமாக ஆடுவதால் பெரியதும் சின்னதும் ஏறக்குறைய ஒன்றாகவே போகும். இங்கிலாந்தில் தாமஸ் கிரஹாம் 1866-லேயே ரப்பர் படலம் வழியாகக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைச் சுமார் 41 சதவீதம் வரை கூட்டிக் காட்டினார். ஆக, சங்கிலிகளுக்கு நடுவே உள்ள சந்து ஒரு மயிரிழை அகன்றாலும் தேர்வுத்திறன் ஆட்டம் காணும். மயிரிழை என்பதுகூட இங்கே மிகப் பெரிய அளவு.

இப்போது தகைவு எவ்வளவு வரும் என்று பார்ப்போம். கண்ணாடியிலோ வேறு தாங்கியிலோ ஒட்டிய பாலிமர் கரைசல் காய்கிறது. ஆரம்பத்தில் கூழாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கரைப்பான் போகப் போகக் கூழ் தாழ்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் படலம் கெட்டிப்பட்டுக் கண்ணாடி நிலைக்கு வந்துவிடும். ஆனால் அப்போதும் உள்ளே கொஞ்சம் கரைப்பான் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் போகும்போதுதான் வம்பு. படலம் மூன்று திசையிலும் சுருங்கப் பார்க்கும். தடிமன் திசையில் சுருங்கலாம், பக்கவாட்டில் தாங்கி விடாது. 1979-ல் க்ரோல் என்பவர் இதைக் கணக்காக்கினார். கெட்டிப்பட்ட பிறகு வெளியேறும் கரைப்பானின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு, அதுதான் பக்கவாட்டுத் திரிபு. அதை யங் குணகத்தால் பெருக்கி, ஒன்றிலிருந்து பாய்சான் விகிதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் தகைவு.

எண் போட்டுப் பார்க்கலாம். கெட்டிப்பட்ட பிறகு 2 சதவீதம் கரைப்பான் போகிறது, திரிபு 0.67 சதவீதம். யங் குணகம் 2 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.35. விடை ஏறக்குறைய 20 மெகாபாஸ்கல். சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ! ஒட்டிய படலம் சும்மா படுத்திருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது உள்ளே இவ்வளவு பளுவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. சூடாக்கிக் குளிரவைத்தாலும் இதே கதைதான். பாலிமர் கண்ணாடியை விடப் பல மடங்கு அதிகமாகச் சுருங்கும். 80 டிகிரி குளிர்ந்தாலே அரை சதவீதம் அளவுக்குச் சுருக்க வித்தியாசம் வந்துவிடும்.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த இடம், படலத்தின் தடிமன் விடையில் எங்குமே வருவதில்லை என்பதுதான். மெல்லிய படலத்துக்கும் கனமான படலத்துக்கும் ஒரே தகைவு. ஆனால் தேங்கும் ஆற்றல் கனத்தோடு கூடுவதால் கனமான படலம்தான் உரிந்துகொண்டு எழும், அல்லது கோடைக்கால ஏரி மாதிரி வெடிக்கும். மெல்லியது வாயைத் திறக்காமல் தாங்கிக்கொள்ளும். நல்ல சவ்வெல்லாம் மெல்லியவை. ஆகவே வெளியில் வெடிப்பு தெரியவில்லை என்பதால் உள்ளே தகைவு இல்லை என்று சொல்ல முடியாது.

அடுத்து, அந்த 20 மெகாபாஸ்கல் தேர்வுத்திறனை என்ன செய்யும்? பக்கவாட்டில் இரண்டு திசையிலும் 20, தடிமன் திசையில் பூஜ்யம். மூன்றின் சராசரி 13.3. ஒரு வாயு மூலக்கூறு பாலிமருக்குள் உட்கார வேண்டுமானால் சங்கிலிகள் கொஞ்சம் விலகி இடம் கொடுக்க வேண்டும். பஸ் சீட்டில் மூன்றாவது ஆள் உட்காரும் மாதிரி. ஏற்கனவே எல்லாரும் வெளிப்பக்கம் இழுபட்டு நின்றால் புதிதாக வருபவருக்கு இடம் சுலபமாகக் கிடைக்கும். அதிலும் பருமனான ஆளுக்குத்தான் லாபம் அதிகம். சின்ன வாயுவுக்கு மோலுக்கு 30 கன சென்டிமீட்டர் இடமும், பெரியதற்கு 50 இடமும் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு ஜூல். எனவே தகைவு செய்யும் உதவி சின்னதற்கு 400 ஜூல், பெரியதற்கு 667 ஜூல். 27 டிகிரியில் வாயு மாறிலியையும் தனி வெப்பநிலையையும் பெருக்கினால் 2494 ஜூல். வகுத்து அடுக்குக்குறிச் சார்பு எடுங்கள், கால்குலேட்டரில் இரண்டு தட்டு. சின்னது 17 சதவீதம் கூடுதலாகக் கரைகிறது, பெரியது 31 சதவீதம் கூடுதலாகக் கரைகிறது. விகிதம் 10 சதவீதம் விழுந்துவிட்டது.

இது கரைவதில் மட்டும். விரவுவதிலும் இதே பாரபட்சம் உண்டு. சந்து அகலும்போது, முன்பே போய்க்கொண்டிருந்த சின்ன மூலக்கூறுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. முட்டிக்கொண்டு நின்ற பெரியதற்குத்தான் கதவு திறக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பெருகும். ஆக, இழுவிசைத் தகைவு உள்ள சவ்வில் வரத்து கூடும், தேர்வு குறையும். வரத்தும் தேர்வும் ஒன்றுக்கொன்று எதிரிகள் என்பதை 1991-ல் ராப்சன் நிறையப் பாலிமர்களின் அளவீடுகளை ஒரே வரைபடத்தில் போட்டு ஒரு எல்லைக்கோடாகவே காட்டினார். 2008-ல் புதிய பாலிமர்களையும் சேர்த்து அந்தக் கோட்டைச் சற்று மேலே நகர்த்தினார். பாலிமரை மாற்றாமலே தகைவால் மட்டும் அந்தப் படத்தில் ஒரு புள்ளி இடம் மாறும் என்பதுதான் நமக்கு வேண்டியது.

இவ்வளவு சுத்தமாக இருந்தால் நல்லது. ஆனால் கண்ணாடி நிலைப் பாலிமர் ஸ்பிரிங் அல்ல. இழுத்துப் பிடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அதே நேரத்தில் அதன் சங்கிலிகள் வருடக்கணக்கில் அடங்கி நெருங்கிக்கொண்டும் இருக்கும். இதை முதுமையடைதல் என்கிறார்கள். மைக்ரானுக்கும் குறைவான படலங்களில் இது கனமான படலங்களை விட வேகமாக நடக்கிறது. வரத்து விழும், தேர்வுத்திறன் சற்று ஏறும். ஒரு சவ்வின் எண்கள் மாதத்துக்கு மாதம் மாறினால் தகைவு தளர்ந்ததா, சவ்வுக்கு வயதாகிறதா என்று பிரித்துச் சொல்வது லேசான காரியம் இல்லை.

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. இயற்கை எரிவாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்க 1980-களிலிருந்தே செல்லுலோஸ் அசிடேட் சவ்வுகள் பயன்படுகின்றன. அழுத்தம் கூடக் கூட அந்த வாயு நிறையக் கரைந்து பாலிமரை உப்ப வைக்கும். தனியாக இருக்கும் படலம் எல்லாப் பக்கமும் உப்பும். தாங்கியில் ஒட்டிய படலம் மேல்நோக்கி மட்டும்தான் உப்ப முடியும். பக்கவாட்டில் இப்போது அது நசுங்குகிறது. காலையில் இழுபட்டு நின்ற அதே சவ்வு மதியம் அமுங்கி நிற்கும். நம் கணக்கில் கூட்டல் குறி கழித்தல் குறியாகிவிடும். ஒட்டிய படலத்தில் அளந்த எண்ணும், உரித்தெடுத்த படலத்தில் அளந்த எண்ணும் ஒத்துப்போகாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஜூனியர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தயாரித்த சவ்வைத் தண்ணீரிலேயே வையுங்கள். "காய வைத்து ஃபைலில் ஒட்டிக்கலாம்" என்று எடுத்து மின்விசிறிக்குக் கீழே போட்டுவிடாதீர்கள். நாங்கள் ஒரு துண்டை அப்படித்தான் தொலைத்தோம். சவ்வின் அடிப்பகுதி பஞ்சு மாதிரி நுண்துளைகள் கொண்டது. 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில் தண்ணீர் காயும்போது அதன் பரப்பு இழுவிசை மட்டுமே சுமார் 14 மெகாபாஸ்கல் இழுப்பைக் கொடுக்கும். துளைகள் இடிந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் பழைய நிலை வராது. காய வைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஆல்கஹாலில் போட்டு, பிறகு ஹெக்சேனுக்கு மாற்றிக் காய வைக்க வேண்டும். ஹெக்சேனின் பரப்பு இழுவிசை தண்ணீரில் கால் பங்குதான்.

எங்கள் வெந்நீர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சவ்வைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1960-ஐ ஒட்டி உருவாக்கியவர்கள் லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன் என்பவரும். 1965-ல் கோலிங்கா என்ற ஊரில் இந்தச் சவ்வை வைத்துக் குடிநீர் எடுத்தார்கள். இன்று வீட்டு ஆர்.ஓ. பெட்டியிலும், 2010-ல் ஓடத் தொடங்கிய மீஞ்சூர் ஆலை போன்றவற்றிலும் இருப்பது பாலிஅமைடு சவ்வு. அது வேறு வகை. ஆனால் முதல் கதவைத் திறந்தது செல்லுலோஸ் அசிடேட். அதற்கு வெந்நீர்க் குளியல் ஏன் தேவை? ஈரத்தில் இந்தப் பாலிமர் குறைந்த வெப்பத்திலேயே இளகும். இளகிய சங்கிலிகள் நகர்ந்து, ஐஸ் தண்ணீரில் அவசரமாக உறைந்தபோது விழுந்த சந்துகளை அடைத்துக்கொள்ளும். அடைப்பதன் வெளி அடையாளம்தான் சுருங்குவது. நாங்கள் அழகுக்காக டேப் போட்டு அந்தச் சுருக்கத்தையே தடுத்துவிட்டோம். சந்து மூடவும் இல்லை, இருந்தது இழுபட்டும் போனது.

இப்படிச் சாரிடம் சொன்னோம். அவர் அசையவில்லை. "ஓட்டையா இருந்தா? டேப்பை இழுத்தப்ப கிழிஞ்சிருந்தா?"

நியாயமான கேள்வி. மீதிப் பவுடரை எடுத்துக் கடைசித் தடவையாகச் சவ்வு இழுத்தோம். அதை இரண்டாக வெட்டி இரண்டையும் டேப் போட்டே வெந்நீரில் விட்டோம். முதலில் அழுத்தத்தை மாற்றிப் பார்த்தோம். நல்ல சவ்வில் அழுத்தம் கூடினால் தண்ணீர் வரத்து கூடும், உப்பின் வரத்து பெரிதாகக் கூடாது. ஆகவே தடுப்பு சதவீதம் ஏறும். ஊசி ஓட்டை இருந்தால் ஓட்டை வழியே தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே பாயும், தடுப்பு ஏறாது. ஒரு துண்டில் ஏறியது. இன்னொன்றில் ஏறவில்லை. பிறகு இரண்டையும் டேப் இல்லாமல் வெந்நீரில் மறுபடி போட்டோம். முதல் துண்டு கண் முன்னாலேயே சுருங்கி நெளிந்தது. மீட்டரில் வைத்தால் பழைய ஒன்பது பங்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டாவது துண்டும் சுருங்கியது, ஆனால் தடுப்பு கொஞ்சம்தான் தேறியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் டேப் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு பொத்தல். ஆக, சார் சந்தேகப்பட்டதும் சரி, நாங்கள் சொன்னதும் சரி. ஆளுக்கு ஒரு துண்டு. இரண்டையும் அறிக்கையில் அப்படியே எழுதினோம்.

வைவாவில் வெளித்தேர்வாளர் பக்கம் பக்கமாகப் புரட்டி இந்த இடத்தில் நிறுத்தினார். "தகைவு, தகைவுன்னு எழுதியிருக்கீங்களே, எத்தனை மெகாபாஸ்கல்னு அளந்தீங்களா?" மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "அளக்கலை சார்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. பென்சிலை வாங்கி ஒரு கோடு வரைந்து, "மெல்லிசான எஃகுத் தகடு, ஒரு பக்கம் மட்டும் உங்க கரைசலைப் பூசுங்க. காயும்போது பூச்சுப் பக்கமா வளையும். வளைவை அளந்தா தகைவு வந்துடும், ஸ்டோனி 1909-லயே சொல்லிட்டார்" என்றார்.

ஸ்டோனி மின்முலாம் பூசிய உலோகப் படலத்துக்காகச் சொன்ன சூத்திரம் அது. தகட்டின் தடிமன், அதன் யங் குணகம், பூச்சின் தடிமன், வளைவு ஆரம் ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். பூச்சின் குணகம் தேவையே இல்லை. தேர்வு முடிந்த பிறகு நான் மெக்கானிக்கல் பட்டறையில் 0.1 மில்லிமீட்டர் ஷிம் தகடு ஒரு முழம் வாங்கி, ஒரு பட்டை வெட்டிப் பூசிப் பார்த்தேன். மதியம் பூசியது, மாலை மணி அடிப்பதற்குள் அப்பளம் மாதிரி மேல்நோக்கி வளைந்து நின்றது. அளக்க என்னிடம் நேரம் இருக்கவில்லை. அந்தப் பட்டையும் மீதித் தகடும் லேபில் ஜன்னல் பக்கத்து அலமாரியில், என் பெயர் எழுதிய உறைக்குள் இருக்கின்றன. இந்த வருடம் சவ்வு எடுக்கிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். தகட்டை அசிட்டோனால் துடைத்துவிட்டுப் பூசுங்கள். எண்ணெய் இருந்தால் ஒட்டாது, ஒட்டாவிட்டால் வளையாது.